எந்த யவனர் காசு?

அமராவதி ஆற்று மணலிலும் வையைப் படுகையிலும் கிடைத்துவரும் உரோமக் காசுகளில் ஏராளமானவை பொன்னும் அல்ல, வெள்ளியும் அல்ல. சுண்டுவிரல் நகத்தளவே உள்ள செப்புக்காசுகள். பழங்காசு சேகரிக்கப் புதிதாகத் தொடங்கிய ஒருவர் அவற்றில் ஒன்றைத் தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டினால் என்ன விடை கிடைக்கும் என்பதை இங்கிருந்தே சொல்லிவிடலாம். "யவனர் காசு, சங்க காலம்." அத்தோடு அகநானூற்றின் 149ஆம் பாட்டும் வந்துவிடும். எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் காட்டும் முசிறித் துறையும், பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் செல்லும் யவனர் கலமும் நம் மனத்தில் அத்தனை ஆழமாகப் பதிந்திருக்கின்றன. உரோம எழுத்துள்ள எந்த உலோகத் துண்டைக் கண்டாலும் அந்தக் கப்பலில்தான் வந்திறங்கியிருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிடுகிறோம்.

நண்பர்களே, அந்தச் செப்புக்காசுகளில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பாட்டுக்கு இருநூறு முந்நூறு ஆண்டுகள் பிந்தியவை. முசிறிக் கலம் கண்ட புலவரும் அதைப் பாடச் சொன்ன வேந்தரும் மறைந்து, நம் வரலாற்று நூல்கள் 'இருண்ட காலம்' என்று ஒற்றைச் சொல்லில் கடந்து செல்லும் களப்பிரர் காலத்தில் இங்கு வந்து சேர்ந்தவை. ஆகவே, ஒரு காசை அடையாளம் காண்பதென்பது பொழுதுபோக்குக்காரரின் புதிர் விளையாட்டு மட்டும் அன்று. சாட்சிகள் அருகிய காலத்துச் சாட்சி ஒன்றை, சாட்சிகள் மலிந்த காலத்தோடு சேர்த்து எண்ணித் தொலைத்துவிடுகிறோமா என்பதே கேள்வி.

சரி, பெயர் தெரியாத ஓர் உரோமக் காசு கையில் இருக்கிறது. அதை அறிவது எப்படி?

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். புளியைத் தொடாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கையும் செப்புக்குடத்தையும் புளி போட்டுத் துலக்கிய கை, காசையும் அப்படித்தான் துலக்கப் பார்க்கும். களிம்பு என்றால் நமக்கு அழுக்கு. ஆனால் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்த செம்பின் மேற்பரப்பே களிம்பாக மாறியிருக்கிறது. எழுத்தும் உருவமும் நிற்பது அந்தக் களிம்பின் மேல்தான். புளியின் அமிலம் அதைக் கரைத்தால், அடியில் பளபளவென்று சிவந்த ஒரு செப்புத்தகடு கிடைக்கும், காசு போயிருக்கும். காய்ச்சி வடித்த நீரில் நாட்கணக்கில் ஊறவிட்டு, நெகிழ்ந்த மண்ணை மரக்குச்சி முனையால் மெல்லத் தள்ளுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தொட்டால் உதிரும் வெளிறிய பச்சைப் பொடி தென்பட்டால் அது வேறு நோய். உப்பின் குளோரைடு செம்பை அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அக்காசை ஈரம் படாமல் தனியே வைக்க வேண்டும்.

அடுத்து வருவது தராசு. பலர் முகத்தைப் பார்த்து மன்னனைத் தேடத் தொடங்குகிறார்கள். உரோமப் பேரரசர் வரிசையோ நீளமானது. தேய்ந்த காசில் எல்லா முகமும் ஒரே முகம்தான். உலோகம், எடை, விட்டம் என்னும் மூன்றும் முகம் சொல்வதற்கு முன்பே நூற்றாண்டைச் சொல்லிவிடும். நகைக்கடைத் தராசு ஒன்றும் வெர்னியர் காலிப்பர் ஒன்றும் போதும்.

வெள்ளியானால், நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவாக, பதினெட்டுப் பத்தொன்பது மில்லிமீட்டர் விட்டத்தில் இருந்தால், அது தினாரியஸ். தமிழகத்தில் கிடைத்த தினாரியஸ்களில் பெரும் பகுதி இரண்டே வகை என்பதால், தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கு இது எளிய பாடம். ஒன்றில், பின்புறம் இரண்டு இளவரசர்கள் கேடயமும் ஈட்டியும் நடுவில் வைத்து நிற்பார்கள். அகஸ்டஸ் தன் தத்துப்பிள்ளைகளான கேயஸ், லூசியஸ் இருவரையும் காட்டி வெளியிட்டது. மற்றொன்றில், பின்புறம் ஒரு பெண் செங்கோலும் கிளையும் ஏந்தி இருக்கையில் அமர்ந்திருப்பாள்; அது திபேரியஸ் காசு. இரண்டும் இன்றைய பிரான்சின் லியோன் நகரான லுக்தூனத்தில் அச்சிடப்பட்டவை. 1946இல் உடுமலைப்பேட்டை அருகே பூதிநத்தத்தில் கிடைத்த புதையலில் ஏறத்தாழ 1,400 வெள்ளிக்காசுகள் இருந்தன. கி.பி. 64இல் நீரோ எடையையும் தூய்மையையும் குறைத்த பிறகு வந்த வெள்ளியைவிட, அதற்கு முந்திய வெள்ளியே இங்கு மிகுதி. செம்பின் மேல் வெள்ளித்தகடு போர்த்திய போலிகள் அக்காலத்திலேயே இருந்தன. விளிம்பில் தகடு கிழிந்து பச்சை எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொன் காசு புதிய சேகரிப்பாளரின் கைக்கு வரும் வாய்ப்புக் குறைவு. வந்தால் அவருக்கு என் கட்டுரை தேவைப்படாது, வழக்கறிஞர்தான் தேவைப்படுவார். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான அவற்றுள் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. இனி இது காசு அன்று, வெறும் பொன்தான் என்று யாரோ ஒருவர் முகம் முகமாக வெட்டித் தள்ளியிருக்கிறார். புழக்கத்திலிருந்து விலக்குவதற்காக வெட்டியது என்பதே பலர் கொள்ளும் விளக்கம். அந்தக் கை இந்த மண்ணின் கை என்று எண்ணும்போது, அரசன் முகத்துக்கு ஆயிரம் அடைமொழி எழுதிய நம் புலவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். போகட்டும்.

நம் பொருள் செம்பு. கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளின் பெரிய உரோமச் செப்பு, பித்தளைக் காசுகள் தமிழகத்தில் மிக அரிது. எனவே இங்குக் கிடைத்ததாக உறுதியாகத் தெரிந்த ஒரு காசு செம்பாகவும், இருபது மில்லிமீட்டருக்குக் குறைவாகவும், மூன்று கிராமுக்குக் கீழாகவும் இருந்தால், நான்காம் நூற்றாண்டில் தேடத் தொடங்குவதே முறை. முகப்பு எழுத்து இதை உறுதி செய்யும். எழுத்து பெரும்பாலும் கீழ் இடப்புறத்தில் தொடங்கி வலஞ்சுழியாக ஓடும். சொற்களுக்கிடையே இடம் விடமாட்டார்கள். 'யு' என்னும் ஒலிக்கும் 'வி' வடிவமே வரும். 'ஏ' என்ற எழுத்தின் நடுக்கோடு பலவேளை இராது. கூரை போல இரண்டு சாய்கோடுகள் மட்டும் நிற்கும். இந்த மூன்றையும் மனத்தில் கொண்டால், எழுத்துக் கூட்டிப் படிப்பதில் பாதிச் சிக்கல் தீரும்.

தொடக்க எழுத்துகளைப் பாருங்கள். 'ஐ எம் பி' என்று தொடங்கினால் இம்பெராத்தோர், அதாவது படைத்தலைவன் என்னும் பட்டம். பெரும்பாலும் முந்திய மூன்று நூற்றாண்டுகளின் வழக்கம். அவற்றில் 'டி ஆர் பி' என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருந்தால் நல்வாய்ப்பு. பேரரசனுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட மக்கள் காவலன் அதிகாரத்தை அவை குறிக்கும் என்பதால், காசின் ஆண்டையே கணக்கிட்டுவிடலாம். மாறாக 'டி என்' என்று தொடங்கினால் தோமினூஸ் நோஸ்தர், 'நம் ஆண்டவன்'. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இதுவே வழக்கமாயிற்று. படைத்தலைவன் ஆண்டவனாகிவிட்ட கதையை இரண்டு எழுத்துகள் சொல்லிவிடுகின்றன. தலையணியும் அதையே சொல்லும். கதிர்கள் விரிந்த முடியானால் பெரும்பாலும் மூன்றாம் நூற்றாண்டு; லாரல் இலைமாலையானால் அதற்கு முன்னும் பின்னும் ஆகலாம். முத்துகள் கோத்த பட்டமாக இருந்து, அதன் முடிச்சின் நுனிகள் பிடரியில் தொங்கினால், 324க்கு முன்னால் போக வேண்டியதில்லை. கான்ஸ்டன்டைன் அதன் பிறகே அந்தப் பட்டத்தைச் சூடினான்.

இதை ஓர் உண்மைக் காசில் வைத்துப் பார்ப்போம். என் மாணவர் ஒருவர் காட்டிய மூன்று காசுகளில் முதலாவது இது. கரூருக்கு அருகில் அமராவதிக் கரையில் வாழ்ந்த அவருடைய பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலைப்பாக்கோடு நெடுங்காலம் இருந்தது. எடை 1.1 கிராம், விட்டம் 13 மில்லிமீட்டர். வலப்புறம் நோக்கிய தலை. முத்துப் பட்டம் தெளிவு. இடப்புற எழுத்துகள் அடியோடு தேய்ந்துபோயின. வலப்புறத்தில், தலையுச்சியைத் தாண்டியவுடன் 'எஸ் ஐ வி எஸ்' என்ற நான்கு எழுத்துகள், பிறகு 'பி எஃப்' என்பதன் நிழல்.

பின்புறத்தில் சிறகுடைய ஒரு பெண் தோளில் வெற்றிச் சின்னத்தைத் தாங்கி இடப்புறமாக நடக்கிறாள். அவள் கை ஒரு சிறிய உருவத்தை இழுத்துச் செல்கிறது. உருவம் இவ்வளவு தெரிந்தாலே காசின் வகை முடிவாகிவிடும். வெற்றித் தெய்வமான விக்டோரியா, சிறைப்பட்டவனை இழுத்துச் செல்லும் காட்சி. சுற்றிலும் எழுதப்பட்டிருந்தது 'சாலுஸ் ரெய்பூப்ளிக்கே', அரசின் நலம். கி.பி. 380களின் பிற்பகுதியிலிருந்து பல அக்கசாலைகளில் அச்சான மிகச் சிறிய செப்புக்காசு. அவளுக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில், கிறித்துவைக் குறிக்கும் கூட்டெழுத்து ஒன்று இருக்கும். இக்காசில் அதன் செங்குத்துக் கோடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதை 391இல் தடை செய்த ஆட்சி, பழைய தெய்வமாகிய வெற்றிமகளை மட்டும் காசிலிருந்து இறக்காமல் விட்டுவைத்தது. வெற்றியை யார்தான் கைவிடுவார்?

இனி மன்னன் யார்? இந்த வகைக் காசை வெளியிட்டவர்களில் தியோடோசியஸ், ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் ஆகிய மூவர் பெயரும் 'ஐ வி எஸ்' என்றே முடிகின்றன. தந்தையும் இரு மகன்களும்! இங்கேதான் புதியவர் தயங்கி நிற்பார். கைகொடுப்பது, எழுத்து எங்கே பிளவுபடுகிறது என்பது. மன்னனின் தலையுச்சி எழுத்து வரிசைக்குள் நுழைந்து பெயரை இரண்டாக முறிக்கும். ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் பெயர்கள் வழக்கமாக 'வி எஸ்' என்னும் இரண்டு எழுத்துகளை மட்டும் வலப்புறத்துக்குத் தள்ளும். தியோடோசியஸ் பெயரோ 'எஸ் ஐ வி எஸ்' என்று நான்கைத் தள்ளும். நம் காசில் நான்கு. அதிலும் 'ஐ'க்கு முன்னால் 'எஸ்' நிற்கிறது. ஆர்க்காடியஸ் என்றால் அங்கே 'டி' இருந்திருக்கும், ஹொனோரியஸ் என்றால் 'ஆர்'. ஆக, 379 முதல் 395 வரை ஆண்ட முதலாம் தியோடோசியஸ். அவன் பேரனுக்கும் அதே பெயர்தான். ஆனால் கீழை அக்கசாலைகளில் இந்த வெற்றிமகள் உருவம் அந்தப் பேரன் அரியணை ஏறுமுன்பே நின்றுவிட்டது. 'பி எஃப்' என்பது பியூஸ் பேலிக்ஸ். அறவோன், ஆகூழுடையோன் என்று தமிழில் சொல்லலாம்.

கீழை அக்கசாலை என்று எதைக் கொண்டு சொன்னேன்? பின்புறத்தில் உருவங்களுக்குக் கீழே ஒரு கோடு இருக்கும். அதற்கும் கீழேயுள்ள பிறை போன்ற சிறு பகுதியில் காசு அச்சான ஊரின் சுருக்கெழுத்து இருக்கும். புதியவர்கள் கவனிக்காமல் விடுவதும், அறிந்தவர்கள் முதலில் தேடுவதும் அந்த இடத்தைத்தான். 'எஸ் எம் கே' என்றால் சிசிக்கஸ். 'எஸ் எம் என்' என்றால் நிக்கோமீடியா. 'டி இ எஸ்' என்றால் தெசலோனிக்கா. 'சி ஓ என் எஸ்' என்றால் கான்ஸ்டான்டிநோபிள். தொடர்ந்து வரும் ஆல்ஃபா, பீட்டா, காமா போன்ற கிரேக்க எழுத்து, அந்த அக்கசாலையின் எந்தப் பட்டறை என்பதைக் குறிக்கும். நம் காசில் 'ஏ' தெளிவாக இருந்தது. அது மட்டும் போதாது; அந்தியோக்கியாவும் 'ஏ', இத்தாலியின் அக்விலேயாவும் 'ஏ'. கைவிளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து ஒளி விழச் செய்தபோது, அடுத்து ஒரு 'எல்' நிழலாக எழுந்தது. அலெக்சாந்திரியா! நேரடி வெளிச்சத்தில் மணிக்கணக்கில் பார்த்தும் தெரியாத எழுத்து, சாய்வொளியில் ஒரு நொடியில் தெரியும். பூதக்கண்ணாடியைவிட இந்தச் சாய்வொளியே எனக்குப் பெரிய கருவி.

உருவம் இவ்வளவு வாய்க்காத காசுகளுக்கு வழி என்ன? இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்க, நடுவில் படைக்கொடி நாட்டிய காசுகள் நிறைய உண்டு. கொடி இரண்டானால் 330 முதல் 335 வரை. கொடி ஒன்றானால் 335 முதல் 341 வரை. கொடி குறைந்ததோடு காசின் எடையும் இரண்டரை கிராம் அளவிலிருந்து ஒன்றரை கிராம் அளவுக்கு இறங்கியது. எழுத்தே இல்லாமல், இரண்டு கோடுகளையும் ஒரு தராசையும் வைத்து ஐந்தாறு ஆண்டுகளுக்குள் காலம் சொல்ல முடிகிறது. நம் பாண்டியர், சேரர் செப்புக்காசுகளுக்கு இப்படி ஒரு வசதி இருந்திருக்கக் கூடாதா என்று பெருமூச்சு விட்டிருக்கிறேன். மாணவரின் இரண்டாவது காசும் இவ்வாறே அறியப்பட்டது. தேய்ந்து வழுவழுப்பான அதன் பின்புறத்தில், ஒருவன் நிற்கிறான். அவன் காலடியில் குதிரையோடு ஒருவன் விழுகிறான். இருவரையும் இணைத்து ஒரு சாய்கோடு, ஈட்டி. 348இல் தொடங்கி இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸ் காலத்தில் மிகுதியாக அச்சான வகை. அதில் எழுதப்பட்டிருந்த வாசகத்துக்கு 'நற்காலம் மீண்டது' என்று பொருள். நற்காலத்தின் படம், ஒருவன் மற்றொருவனைக் குத்துவது.

இவற்றை ஒப்பிட்டுப் பார்க்க, 1923இல் வெளிவரத் தொடங்கி 1994இல் பத்தாம் தொகுதியோடு நிறைந்த 'உரோமப் பேரரசு நாணயங்கள்' என்னும் ஆங்கிலத் தொகுதிகளே அடிப்படை. அவற்றின் விலையும் எடையும் கல்லூரி நூலகங்களுக்கே கட்டுப்படியாகாது. அமெரிக்க நாணயவியல் கழகம் பங்கேற்று நடத்தும் 'ஆக்ரே' இணையத் தொகுப்பில் அதே வரிசையை இலவசமாகத் தேடலாம். கிடைத்த நான்கு எழுத்துகளை இட்டாலே பொருந்தும் காசுகள் வந்து நிற்கும். நம் மண்ணில் கிடைத்தவற்றுக்கு, தினமலர் ஆசிரியராக இருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைச் செப்புக்காசுகளைப் பற்றி 1994இல் வெளியிட்ட ஆங்கில நூல் முதன்மையானது. செய்தித்தாள் நடத்திக்கொண்டே, நகத்தளவுச் செம்பில் எழுத்துத் தேடி உட்கார்ந்திருந்த அந்தப் பொறுமையை வணங்கத்தான் வேண்டும்.

இப்போது கேள்விக்கு வருவோம். அலெக்சாந்திரியாவில் 390ஐ ஒட்டி அச்சான காசு அமராவதிக் கரைக்கு ஏன் வந்தது? பொன்னும் வெள்ளியும் வந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, உலோகத்துக்கே மதிப்புண்டு. ஒரு கிராம் செம்புக்குக் கடல் கடக்கும் மதிப்பு ஏது? 1904இல் இந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகளைத் தொகுத்து எழுதிய இராபர்ட் சுவெல், மதுரைச் செப்புக்காசுகள் அங்கேயே அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் புழங்கியிருக்க வேண்டும், உரோமர் சிலர் அங்குக் குடியிருந்திருக்கலாம் என்று கருதினார். இலங்கை வழியாகக் கைமாறி வந்தவை என்போர் உண்டு. உருக்குவதற்காகச் செம்பாக எடை போட்டு வந்தவை என்போரும் உண்டு. உருக்க வந்தவை என்றால், உருகாமல் இத்தனை எஞ்சியது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. இவை சில்லறையாகப் புழங்கின என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. காய்கறி வாங்கிவிட்டு மீதி கேட்கும் ஒரு சந்தை இருந்தால்தான் ஒரு கிராம் காசுக்கு வேலை உண்டு. களப்பிரர் காலம் பற்றிப் பேச நம்மிடம் இருப்பவை பூலாங்குறிச்சிக் கல்வெட்டு போன்ற சிலவும், பிற்காலத்து வேள்விக்குடிச் செப்பேடு பகைமையோடு சொல்லும் சில சொற்களும்தாம். வணிகம் அற்று ஊர்கள் ஒடுங்கிய காலம் என்று எழுதிச் செல்பவர்கள் முன்னால் இந்தச் சில்லறையைக் கொட்டிக் காட்ட வேண்டும்.

ஆனால் அதற்கு ஒரு தடை இருக்கிறது. காசு பிறந்த ஆண்டு வேறு, மண்ணுக்குள் போன ஆண்டு வேறு. 390இல் பிறந்த காசு எகிப்தில் ஐம்பது ஆண்டு தேய்ந்துவிட்டும் இங்கு வந்திருக்கலாம். அதன் தேய்மானத்தில் எவ்வளவு அலெக்சாந்திரியக் கைகளுடையது, எவ்வளவு கரூர்க் கைகளுடையது என்று காசே சொல்லாது. எந்த மண்ணடுக்கில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்பதுதான் சொல்லும். ஆற்று மணலை அரித்துப் பொன்துகள் தேடுவோர் கையில் அகப்பட்ட காசுக்கு அடுக்கு இல்லை. ஊர் மட்டும் உண்டு. அந்த ஊர்ப்பெயராவது மிஞ்ச வேண்டும். அதையும் இன்றைய சந்தை விட்டுவைப்பதில்லை. பால்கன் நாடுகளிலும் மேற்காசியாவிலும் தோண்டப்பட்ட இதே வகைக் காசுகள் துலக்கப்படாமல் மொத்தமாக இணையத்தில் விற்பனையாகின்றன. அவற்றில் ஒன்றை உறையிலிட்டு 'கரூர்' என்று எழுதிவிட்டால் போதும்; நம்மவர் கை தானாகப் பைக்குள் போகும். அதே மன்னன், அதே எடை, அதே வெற்றிமகள். எந்த நாணயவியல் அறிஞராலும் அதைப் பார்த்து மறுக்க முடியாது. வார்ப்பில் செய்த இக்காலப் போலியை விளிம்பின் இணைப்புக்கோடும் மேற்பரப்பின் குமிழ்க்குழிகளும் காட்டிக்கொடுக்கும். பொய்யான ஊர்ப்பெயர் தாங்கிய உண்மைக் காசைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. போலிக் காசைவிட இது கேடு என்பேன்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் மண்ணில் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம்; நூறாண்டு கடந்த காசு தொல்பொருள், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். கண்டெடுத்தவர் அஞ்சி, கிடைத்த இடத்தை மறைத்துச் சொல்வதும் நடக்கிறது. மறைத்த அன்றே காசின் பாதி வரலாறு போய்விடுகிறது.

மாணவரின் மூன்றாவது காசைப் பற்றிச் சொல்லவில்லையே. எடை 0.9 கிராம், விட்டம் 12 மில்லிமீட்டர். தலை இருக்கிறது, மூக்கு ஒரு கோடு, கண் ஒரு புள்ளி. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துப் போன்ற கீற்றுகள் வரிசையாக நிற்கின்றன. 'ஐ' ஐந்தாறு, நடுவே ஒரு வட்டம், மீண்டும் கீற்றுகள். தேய்ந்ததால் அப்படி ஆனதன்று; கீற்றுகள் கூர்மையாகவே இருக்கின்றன. அச்சை வெட்டியவருக்கு இலத்தீன் படிக்கத் தெரியாது. காசின் ஓரத்தில் எழுத்து இருக்கும் என்பது மட்டும் தெரியும். உரோமச் செப்புக்காசுகளைப் பார்த்து உள்ளூரில் செய்த இத்தகைய படிகள் இலங்கையில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. ஐந்தாம் நூற்றாண்டையும் அதை ஒட்டியும் வைத்துப் பேசுவார்கள். புதிய சேகரிப்பாளர்கள் இவற்றைச் 'சிதைந்தவை' என்று ஒதுக்கி மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். உள்ளே வந்த சில்லறை போதாமல், தாங்களே செய்துகொள்ளும் அளவுக்கு ஒரு சந்தைக்குச் சில்லறை தேவைப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேறென்ன வேண்டும்?

அந்த மூன்றாவது காசின் காகித உறையில் மன்னன் பெயருக்கான வரியில் எதுவும் எழுதவில்லை. எடை, விட்டம், சாய்வொளியில் எடுத்த படத்தின் எண் ஆகியவற்றோடு, கிடைத்த இடம் என்ற வரியில் பாட்டியின் ஊர்ப்பெயர் இருக்கிறது. மாணவர் ஊருக்குப் போய் விசாரித்து வந்து, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்: படித்துறைக்குத் தெற்கே, வெள்ளம் வடிந்த மணல்.